ஆதாரத்தில் யார் பெயர்?

சென்ற ஆண்டு மழைக்காலம் ஓய்ந்த பின்னர், மட்டாஞ்சேரியிலும் வாத்துருத்தியிலும் வாழும் நம் அன்பர் சிலர் காக்கநாட்டுக்குக் கிழக்கே ஒரு நிலம் பார்க்கச் சென்றனர். நாமும் உடன் சென்றோம். எட்டுக் குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து ஓரிடத்தில் குடியேறுவது, பொதுவில் பயிரிடுவது, ஒரே அடுக்களையில் உண்பது, பிள்ளைகளுக்கு மாலையில் தமிழும் தம்மமும் கற்பிப்பது என்பது அவர்கள் எண்ணம். நிலம் இரண்டு ஏக்கர். செம்மண் சரிவு, பழைய ரப்பர் மரங்கள், நான்கு பலா, வற்றாத கிணறு ஒன்று. துறைமுகத்தில் மூட்டை தூக்கியும், சலவை செய்தும், மீன் சந்தையில் கூலிக்கு நின்றும் காலம் கழித்தவர்களுக்கு அக்கிணற்று நீரைக் கண்டபோது உண்டான மகிழ்ச்சியை நாம் விவரிக்க வேண்டுவதில்லை.

நாம் முதன்முதலில் கண்ட காக்கநாடு வேறு, இன்றைய காக்கநாடு வேறு. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அங்கே இருக்கிறது. 2004-ல் இன்ஃபோபார்க் வந்தது. அதன் பின்னர் நிலத்தின் விலையைச் செண்டுக் கணக்கில் கேட்டாலே நம்மவர் வாய் அடைத்துப்போகும். ஆகவே நாம் சென்று பார்த்த இடம் அதற்கும் அப்பால், கடம்பிரையாற்றையும் கடந்து உள்ளே. அதற்கும் நம்மிடம் பொருள் இல்லை. அந்த வேளையில்தான் நம்முள் வசதி வாய்ந்த உபாசகர் ஒருவர் முழு விலையையும் தாமே தருவதாகக் கூறினார். கூடியிருந்தோர் கண் கலங்கினர். நாமும் கலங்கினோம்.

அப்போது முதிய அம்மையார் ஒருவர், வாழ்நாள் முழுதும் பிறர் துணி வெளுத்தவர், மெல்லக் கேட்டார்: "ஆதாரம் யார் பேரிலே ஐயா?" நம்மூரில் பத்திரம் என்பதை இவ்வூரார் ஆதாரம் என்பர். உபாசகர் புன்னகையோடு, "என் பேரில்தான் அம்மா. பணம் என்னுடையதல்லவா? ஆனால் உங்களை யார் போகச் சொல்லப் போகிறார்கள்?" என்றார். அவர் சொன்னதில் வஞ்சகம் இல்லை. ஆயினும் அம்மையார் விடவில்லை. "இன்றைக்குச் சொல்லமாட்டீர்கள், சாமி. உங்கள் பிள்ளைகள்?" என்றார்.

நாம் அம்மையாரைக் கடிந்துகொண்டோம். தானம் கொடுப்பவரின் மனத்தைப் புண்படுத்தலாகாது என்று ஒரு சிறு போதனையும் செய்தோம். அன்றிரவு உறக்கம் வரவில்லை. நாம் ஒரு பஞ்சாலையில் இருபது ஆண்டுகள் நூற்புப் பிரிவில் உழைத்தவர். ஆலை கட்டிக் கொடுத்த லைன் வீட்டில்தான் நமக்கு மணம் நடந்தது, பிள்ளைகள் பிறந்தனர், முருங்கை வைத்து வளர்த்தோம். அந்த வீடு நம்முடையதன்று என்பதை ஆலைக் கதவு மூடிய மறுமாதம் ஒரு தாள் வந்து தெரிவித்தது. வீட்டைக் கொடுத்த மேலாளரும் நல்லவர்தாம். அவர் அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். இத்தனையும் பட்ட நாம், அம்மையாரின் கேள்வியை நன்றிகெட்ட கேள்வி என்று எவ்வாறு கருதினோம்? கொடுப்பவர் முகத்தைப் பார்த்துக் கொடையின் தன்மையை மறந்தோம் என்பதைத் தவிர வேறு விடை இல்லை.

ஆகவே இதனை ஓர் அறக்கேள்வியாகவே வைத்துச் சிந்திப்போம். ஒருவருடைய நிலத்தில் பலர் சமமாக வாழ முடியுமா?

முடியும் என்பதற்குச் சான்றாக நம் தமிழர் வாழ்ந்த ஓரிடமே உண்டு. தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் நகரிலிருந்து 21 மைல் தொலைவில், லாலி இரயில் நிலையத்தருகே, ஹெர்மன் கல்லன்பாக் என்னும் கட்டடக் கலைஞர் ஏறக்குறைய 1,100 ஏக்கர் நிலம் வாங்கி, 1910 மே மாதத்தில் அதனைச் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களுக்கு வாடகையின்றி விட்டார். அதுவே தால்ஸ்தாய் பண்ணை. அதற்கு முன்பு சிறை சென்றோரின் குடும்பங்களுக்கு மாதந்தோறும் அவரவர் தேவைக்கேற்பப் பணம் கொடுத்து வந்தனர். ஒருவருக்குக் கூட, ஒருவருக்குக் குறைய என்றானது. ஐயமும் மனக்கசப்பும் வளர்ந்தன. எல்லாரும் ஓரிடத்தில் கூடி உழைத்துண்டால் இச்சிக்கல் தீரும் என்று காந்தியார் கண்டார். அங்கே சென்றபோது ஏறக்குறைய ஆயிரம் கனிமரங்களும், இரண்டு கிணறுகளும், ஒரு சிற்றூற்றும், ஐந்தாறு பேர் தங்கத்தக்க ஒரு சிறு வீடும் மட்டுமே இருந்தன. தமிழர், தெலுங்கர், குஜராத்தியர், வட இந்தியர் எனப் பலர் வந்தனர். இந்து, இஸ்லாமியர், பார்சி, கிறிஸ்தவர் என்ற வேறுபாடு பந்தியில் இல்லை. தகர வீடுகளைத் தாங்களே கட்டினர். செருப்புத் தைக்கக் கற்றனர். ஏவலாளர் என்று எவரும் இல்லை.

இந்த இறுதிச் செய்தியில் நாம் சற்று நிற்க வேண்டும். அப்பண்ணையில் சமையல் முதல் மலம் அகற்றுவது வரை அனைத்தையும் வாழ்ந்தோரே செய்தனர். மலத்தைக் குழியில் இட்டு மண்ணால் மூடி எருவாக்கினர். நம் வாசகர்க்கு இதன் பொருளை விளக்கவேண்டியதில்லை. எந்தத் தொழிலைக் காட்டி நம் பாட்டன்மாரை ஊருக்கு வெளியே நிறுத்தினார்களோ, அந்தத் தொழில் அங்கே முறைவைத்து எல்லார் கைக்கும் வந்தது. நாளை காக்கநாட்டில் நாமும் நிலம் வாங்கி, பெரும்பாவூர்ப் பக்கத்திலிருந்து வங்காளத் தொழிலாளர் இருவரைக் கூலிக்கு அழைத்து, சாணமும் சாக்கடையும் அவர்கள் கையில் விட்டுவிட்டு, நாம் திண்ணையில் அமர்ந்து சமத்துவம் பேசுவோமாயின், அதற்குப் பெயர் குடியிருப்பு அன்று. அது சின்ன எஸ்டேட்.

கல்லன்பாக்கும் நில உடைமையாளராக ஒதுங்கி நிற்கவில்லை. மற்றவர் உண்டதை உண்டார், மற்றவரோடு உழைத்தார். இத்தனை நல்லவர் கையில் நிலம் இருந்தும் என்ன நேர்ந்தது? 1913 தொடக்கத்தில் காந்தியாரும் உடனிருந்தோரும் ஃபீனிக்ஸ் சென்றனர். தால்ஸ்தாய் பண்ணை வாழ்வு முடிந்தது. எவரும் எவரையும் துரத்தவில்லை என்பது உண்மையே. ஒரு போராட்டத்துக்காக எழுந்த இடம், அதன் வேலை தீர்ந்ததும் கலைந்தது. அதே 1913-ல் அப்பண்ணையில் வாழ்ந்த பெண்கள் பதினொருவர், ஒருவர் தவிர அனைவரும் தமிழர், சிறை செல்லப் புறப்பட்டு, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு எழுப்பினர். அத்தகைய பெண்கள் வாழ்ந்த மண்ணில், அவர்கள் பிள்ளைகளுக்கு ஒரு பிடிக்கும் உரிமை இல்லை. அது அவர்கள் பேரிலோ, அவர்கள் கூட்டத்தின் பேரிலோ ஒருநாளும் இருந்ததில்லை.

ஃபீனிக்ஸின் கதை வேறு. டர்பனுக்கு அண்மையில் 1904-ல் 100 ஏக்கர், ஆயிரம் பவுனுக்கு வாங்கப்பட்டது. தொடக்கத்தில் குடியேறியவருக்கு மும்மூன்று ஏக்கராகப் பிரித்து விட்டனர். பின்னர் 1912-ல் காந்தியார் அதனைத் தம் உடைமை என்னும் நிலையிலிருந்து நீக்கி, அறங்காவலர் பொறுப்பில் ஆவணம் செய்து வைத்தார். 1985 கலவரத்தில் அவ்விடம் எரிந்தது. ஆயினும் 2000-ல் மீண்டும் எழுப்பித் திறந்தனர். பழைய உழவர் கூட்டம் அங்கே இன்று இல்லை என்பதையும் மறைக்கலாகாது. எனினும் இடம் இருக்கிறது. ஒருவர் மனம் மாறியதாலோ மறைந்ததாலோ அது கைமாறவில்லை.

இவ்வேற்றுமையை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். இராஜகிருகத்து வணிகர் ஒருவர் பிக்குகளுக்கு ஒரே நாளில் அறுபது உறைவிடங்கள் கட்டுவித்தார் என்று விநயம் கூறும். அவற்றை எவ்வாறு கொடுப்பது என்று அவர் கேட்டபோது, பகவன் புத்தர், வந்திருப்போர்க்கும் இனி வரவிருப்போர்க்குமாக, நாற்றிசைச் சங்கத்துக்கு உரியதாக்கும்படி அருளினார். தம் பெயரைச் சொல்லவில்லை. தம் முதன்மைச் சீடரின் பெயரையும் சொல்லவில்லை. இனி வரவிருப்போர் என்ற சொல்லில்தான் நம் அம்மையாரின் கேள்விக்கு விடை இருக்கிறது.

இதற்கு மறுபுறமும் உண்டு. கீடாகிரி என்னும் ஊரில் இருந்த பிக்குகள் சிலர், சாரிபுத்தரும் மொக்கல்லானரும் வருவதைக் கேள்வியுற்று, அவர்களுக்கு இடம் கொடுக்க மனமின்றி, சங்கத்தின் உறைவிடங்களைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டனர். வந்தவர்களிடம், "இங்கே சங்கத்து இடம் ஒன்றும் இல்லை, எல்லாம் பங்காகிவிட்டது" என்றனர். அப்போதுதான் தோட்டம், உறைவிடம், கட்டில் முதலிய இருக்கைகள், உலோகக் கலங்கள், கோடரி மண்வெட்டி போன்ற கருவிகள் ஆகியன பங்கிடத்தகாதவை என்று விதித்தருளினார் பகவன். மண்வெட்டிகூட! மண்வெட்டி ஒருவருடையதானால் நாளைக்கு மண்ணும் ஒருவருடையதாகும் என்பதை அறிந்தே அவ்விதி எழுந்தது என்று நாம் கருதுகிறோம்.

பங்கிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் சொந்த வரலாறே சாட்சி. செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891-ல் எழுதிய அறிக்கையின் பயனாக, 1892-ல் சென்னை அரசு ஒடுக்கப்பட்டோர்க்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. பத்தாண்டு விற்கலாகாது, அதன் பின்னரும் ஒடுக்கப்பட்டோர்க்கே விற்கலாம் என்பது நிபந்தனை. அதுவே பஞ்சமி நிலம். தனித்தனிக் குடும்பமாகப் பெற்றவர் தனித்தனியே கடனில் வீழ்ந்தனர், தனித்தனியே மிரட்டப்பட்டனர். நிபந்தனை தாளில் இருந்தது. நிலம் பிறர் கைக்குப் போயிற்று. அதனை மீட்கக் கிளர்ந்த காரணையில் 1994-ல் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்நீத்தனர். கேரளத்திலும் பாருங்கள். நிலச் சீர்திருத்தம் குத்தகைக்காரர்க்கு வயலைக் கொடுத்தது; வயலில் இறங்கி உழைத்த குடிகிடப்புக்காரர்க்குப் பஞ்சாயத்துப் பகுதியில் பத்துச் செண்டு மனையே கிடைத்தது. மூவடி மண் கேட்ட கதைக்குரிய திருக்காக்கரைக் கோயில் காக்கநாட்டுக்கு அருகில்தான் உள்ளது. ஆண்டுதோறும் ஓணத்தின்போது மாபலியை வரவேற்கும் இந்நாட்டில், புலையர்க்கு எத்தனை அடி கிடைத்தது என்று கேட்டால் பத்துச் செண்டு என்பதே விடை.

பொதுவில் வைத்தால் எவரும் கவலை கொள்ளார், கிணற்றுக் கயிறு அறுந்தாலும் பார்த்துக்கொண்டே நடப்பர் என்று நம் உபாசகர் கூறுகிறார். அது வெறும் சாக்கு அன்று. லைன் வீட்டுப் பொதுக்குழாயை நாம் கண்டிருக்கிறோம். இதற்கு அனுருத்தர், நந்தியர், கிம்பிலர் மூவரும் கோசிங்க வனத்தில் வாழ்ந்த முறையைக் கூறுவோம். பிச்சையேற்று முதலில் திரும்பியவர் இருக்கையிட்டு நீர் வைப்பார். இறுதியில் வந்தவர் எஞ்சியதை உண்டு இடத்தைத் துப்புரவு செய்வார். குடம் வெறுமையாகக் கண்டவர் நிரப்புவார். தனியே தூக்க இயலாவிடில் கையசைத்து மற்றவரை அழைப்பார். பாலும் நீரும்போல் கலந்து வாழ்ந்தவர்கள் என்று அவர்களைச் சொல்வது பெரிய தவத்துக்காக அன்று, இந்தக் குடத்துக்காகவே என்பது நம் எண்ணம். மூவர்க்கு இயன்றது எட்டுக் குடும்பத்துக்கு இயலுமா என்றால், முயன்று பாராமல் சொல்வதற்கில்லை. ஒருவர் பெயரில் நிலம் இருந்தால் குடம் நிரம்பும் என்பதற்கும் உறுதி இல்லை. அங்கே நிரப்புகிறவன் அச்சத்தால் நிரப்புவான்.

சட்டத்தில் வழி இருக்கிறது. கொச்சி, திருவிதாங்கூர்ப் பகுதிக்கு உரிய 1955-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின்படி ஒரு சங்கம் பதிவு செய்து அதன் பெயரில் நிலம் வாங்கலாம். அன்றி அறக்கட்டளையாகவும் வைக்கலாம். வாங்குமுன் அது நெல்வயலா, கரைநிலமா என்று வில்லேஜ் ஆபீசில் பார்த்தாக வேண்டும். 2008-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னர் வயலை மேடாக்கி வீடு கட்ட எண்ணுவது வீண். விலகிச் செல்பவர் தாம் வளர்த்த மாட்டையும் தம் சேமிப்பையும் எடுத்துச் செல்லலாம், மண்ணைப் பிரித்துக் கேட்கலாகாது என்று விதி எழுதலாம். பிள்ளைகள் பெரியவரானபின் இருப்பதும் போவதும் அவர்கள் விருப்பம்.

இவற்றையெல்லாம் சென்ற பௌர்ணமியன்று உபாசகரிடம் நேரில் கூறினோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நான் கொடுத்ததற்கு அடையாளமே இராதா?" என்று கேட்டார். அக்கேள்வியை இழிவாக எண்ணவேண்டா. ஒரு மனிதன் முப்பதாண்டு கடை நடத்திச் சேர்த்த பொருள் அது. அவருடைய பெயரைக் கிணற்றுச் சுவரில் பொறிக்கலாம் என்று சிலர் கூறினர். அவர் வேண்டாம் என்றார். வீட்டாரோடு கலந்து மறுமொழி சொல்வதாகக் கூறிப் போயிருக்கிறார்.

அம்மையாரிடம் நாம் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவர் சலவைக் கல்லின் மீதிருந்து நிமிராமலே, "அதெல்லாம் இருக்கட்டும் ஐயா, அங்கே துணி உலர்த்த வெயில் விழுமா, ரப்பர் நிழல்தானா?" என்று கேட்டார். அதை நாம் பார்க்கவில்லை. வரும் ஞாயிறன்று அவரையும் அழைத்துக்கொண்டு மறுபடியும் அங்கே போகிறோம்.