மணமும் குடியிருப்பு உரிமையும்

கூத்தாநல்லூர், ராஜகிரி, அதிராம்பட்டினம் முதலிய காவிரிப் படுகை ஊர்களில் 'சபர்' என்னும் சொல்லை அறியாத இல்லம் இல்லை. கணவன் மலாயாவில், மனைவி ஊரில் என வாழ்ந்த தலைமுறைகள் நமக்கு முன் உண்டு. அந்தப் பிரிவையே மலாயாவின் 1959-ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டத் திருத்தம் அளவுகோலாக்கிற்று. 1954 டிசம்பருக்குப் பின் தொடர்ந்து 5 ஆண்டுகள் கணவனைப் பிரிந்திருந்த மனைவிக்கு நுழைவு மறுக்கப்பட்டது. பிரிந்திருந்ததனால் அவர்கள் மனைவியர் அல்லாது போயினரா?

அமெரிக்கச் சட்டமும் மணத்தின் மெய்ம்மையை அளக்க முயல்கிறது. தூதரக விசாவில் சென்றவர் அந்நாட்டுக் குடிமகளை மணந்து நிரந்தரக் குடியிருப்பு உரிமை கோரலாம். பதவியில் இருந்துகொண்டே கோருவாராயின், அப்பதவி தந்த சலுகைகளையும் சட்ட விலக்குகளையும் துறப்பதாக எழுதித் தரவேண்டும். மணமாகி 2 ஆண்டு நிறையாதவர்க்கு நிபந்தனையுடனேயே உரிமை கிட்டும். பொய் மணத்தைத் தடுக்க 1986-இல் வந்த விதி அது.

இவ்வாறு கோருவது தவறா? அன்று என்போம். மணத்தின் பயனாக உரிமை வரலாம். உரிமைக்கென மணம் முடிக்கலாகாது. அங்கே பெண் துணைவியல்லள், வெறும் தாள். அதிகாரி முகவரியைத்தான் சரிபார்ப்பார். நிய்யத்தை மணப்பவரே அறிவார். ஆதலின் பெண் கேட்கும் நாளிலேயே அவளிடமும் பெற்றோரிடமும் தம் எண்ணத்தை மறையாது உரைத்தல் கடன். சலுகையைத் துறக்கச் சொல்வது சட்டம் மட்டுமன்று. நிக்காஹும் அதையே கேட்கிறது.