யாருங் சொன்னது?

தமிழில் 'ஆம்' என்று ஒரு சின்ன ஒட்டு உண்டு. 'மழை வரும்' என்றால் அதற்கு நான் பொறுப்பு. 'மழை வருமாம்' என்றால் யாரோ சொன்னார்கள், நான் கேட்டேன், அவ்வளவுதான். ஒரே அசையில் 'நான் பார்க்கவில்லை' என்ற ஒப்புதலும் சேர்ந்துவிடுகிறது. கொங்குப் பக்கம் அது கொஞ்சம் நீண்டு 'ஆமா' ஆகும். 'பஸ் வராதாமா.' 'கல்யாணம் நின்னுருச்சாமா.' தினமும் நூறு தடவை சொல்கிறோம். ஆனால் அதைச் சொல்லும்போது ஒரு நேர்மையைக் கடைப்பிடிக்கிறோம் என்று யாரும் நினைப்பதில்லை.

கோபிசெட்டிபாளையத்துக்காரர்களுக்கு இந்த 'ஆமா' வெறும் வம்புப் பேச்சு அல்ல. இங்குள்ள வயல்களுக்குக் கொடிவேரியில் பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களில்தான் தண்ணீர் வருகிறது. அதற்கும் மேலே பவானிசாகர், 105 அடி அணை. டீக்கடை பெஞ்சில் ஒருத்தர் 'டேம் நூறடி தொட்டுருச்சாமா, அடுத்த வாரம் தண்ணி உடறாங்களாமா' என்பார். உடனே பக்கத்திலிருந்து கேள்வி வரும்: 'யாருங் சொன்னது?' லஸ்கர் சொன்னார் என்றால் ஒரு மதிப்பு. பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள் என்றால் வேறு மதிப்பு. அதை வைத்துத்தான் நாற்று விடுவதா வேண்டாமா என்ற முடிவு.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். செய்தி சொன்னவர், கேட்டவர், செய்தி பொய்யானால் நஷ்டப்படப் போகிறவர், மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். சொன்னவருக்கும் வயல் இருக்கிறது. நாளைக்கும் அவர் அதே கடைக்குத்தான் டீ குடிக்க வர வேண்டும். 'ஆமா' ஒழுங்காக வேலை செய்வது இப்படிப்பட்ட இடத்தில்தான்.

இப்போது நம் கையிலிருக்கும் போனுக்கு வருவோம். இணையத்தில் சுற்றும்போது ஆச்சரியமாக ஒன்று கண்ணில் படுகிறது. அடுத்த நொடியே யாருக்காவது அனுப்பத் தோன்றுகிறது. இந்த ஆசையை நான் மட்டமாக நினைக்கவில்லை. நல்ல பலகாரம் கிடைத்தால் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தனுப்புகிற குணம்தான் இது. ஆனால் அனுப்பும்போது 'ஆமா' கழன்று விழுந்துவிடுகிறது. வந்த வாக்கியம் அப்படியே, அடித்துச் சொல்கிற தொனியிலேயே, என் பெயரில் போய்ச் சேர்கிறது. கேள்விப்பட்டவன் ஒரு தட்டலில் சாட்சி ஆகிவிடுகிறேன்.

உதாரணத்துக்கு, பல வருஷமாகச் சுற்றிவரும் அந்தச் சிதம்பரம் செய்தி. பூமியின் காந்தப்புல நடுக்கோட்டின் மையப்புள்ளி நடராஜரின் கால் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிறது, எட்டு வருஷம் ஆராய்ந்து கண்டுபிடித்தார்கள் என்று வரும். காந்த நடுக்கோடு பூமியைச் சுற்றி ஓடுகிற வளையம். வளையத்தில் எந்த இடத்தை மையப்புள்ளி என்பது? போதாததற்கு அது நிலையாகவும் நிற்பதில்லை, வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது.

ஆனால் காந்த நடுக்கோடு நம் பக்கம் செய்த நிஜமான காரியம் ஒன்று உண்டு. அது திருவனந்தபுரம் அருகே தும்பா வழியாகப் போனதால்தான் அந்த மீனவக் கிராமத்தை ராக்கெட் தளத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. மரிய மக்தலேனா தேவாலயத்தில் அலுவலகம் நடந்தது. ராக்கெட்டின் பாகத்தை சைக்கிள் கேரியரில் வைத்து எடுத்துப்போனார்கள். கட்டைவிரல் கதையைவிட இது எனக்கு நூறு மடங்கு ஆச்சரியம். இதைத் தேடி எடுக்கப் பத்து நிமிஷம் போதும். ஆனால் கட்டைவிரல் கதையோடு திருப்தியாகிவிட்டவருக்கு அந்தப் பத்து நிமிஷம் தேவைப்படுவதே இல்லை. பொய்யான ஆச்சரியம் செய்கிற முதல் கெடுதல் இதுதான்: இன்னும் தெரிந்துகொள்ளும் பசியை அடைத்துவிடுகிறது.

'சரி, இதனால யாருக்கு என்ன நஷ்டம்? சாமி பெருமைதானே' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதே கேள்வியை வேறொரு செய்திக்குக் கேட்டுப் பார்ப்போம்.

கோபியிலிருந்து பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் திருப்பூர். 2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. பீகார் சட்டமன்றத்திலேயே அது பெரிய விவகாரம் ஆனது. அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு மறுத்து வீடியோ வெளியிட்டார். காட்டப்பட்ட சம்பவங்களில் ஒன்று பீகார் தொழிலாளர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட சண்டை. இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது என்றார். பாட்னாவிலேயே ஆட்களை நடிக்கவைத்து எடுத்த ஒரு வீடியோவும் இருந்தது என்று பீகார் போலீஸ் பிறகு கண்டுபிடித்தது. மார்ச் 8 ஹோலி. பண்டிகைக்கு ஊருக்குக் கிளம்பிய ரயில் நிலையக் கூட்டத்தைக் காட்டி 'பாருங்கள், தப்பி ஓடுகிறார்கள்' என்றார்கள். பீகார் அரசு நான்கு பேர் கொண்ட குழுவை அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் ஓய்ந்தது.

அந்த வீடியோவை அனுப்பியவர்களில் பெரும்பாலோர் கெட்டவர்களாக இருந்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. பதறிப்போய், நாலு பேருக்குத் தெரியட்டும் என்று அனுப்பியிருப்பார்கள். கட்டைவிரல் கதையை அனுப்பிய அதே விரல், அதே வேகம். ஆனால் நஷ்டம் யாருக்கு? பனியன் கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் பார்த்துக்கொண்டே, ஊரிலிருந்து அழுதபடி கூப்பிடும் அம்மாவைச் சமாதானம் செய்த பையனுக்கு. எதையும் அனுப்பாமலே அதற்கான விலையைக் கொடுத்தவன் அவன்.

அப்படியானால் 'ஆமா'வைத் திரும்ப ஒட்டிவிட்டால் போதுமா? போதாது என்றுதான் நினைக்கிறேன். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த சென்னை மூதாட்டி ஒருவரை, குழந்தை கடத்த வந்தவர் என்று ஊரே சேர்ந்து அடித்துக் கொன்றது. வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்ததுதான் அவர் செய்தது. 'பிள்ளை புடிக்கறவங்க சுத்தறாங்களாம்' என்ற பேச்சில் 'ஆம்' இருந்திருக்கும். அது யாரையும் நிறுத்தவில்லை. 'நான் பாக்கல, சொன்னாங்க' என்பதில் நேர்மையும் இருக்கிறது, நழுவலும் இருக்கிறது. அந்த வருஷம் ஜூலையில் வாட்ஸ்அப் 'ஃபார்வர்டட்' என்ற அடையாளத்தைக் கொண்டுவந்தது. இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து அரட்டைகளுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வரம்பும் வைத்தது. அந்த அடையாளம் மெஷின் போடுகிற 'ஆம்'. காப்பி எடுத்து ஒட்டினால் அதுவும் போய்விடும்.

கேட்டதில் மெய் எதுவென்று பார்க்கச் சொல்லும் குறளை (423) எல்லோரும் மேற்கோள் காட்டுவோம். அதில் கடமை கேட்பவருக்கு. நம் காலத்தில் கேட்பவரே மறு நொடியில் சொல்பவர். அதனால் கடமையும் இரட்டிப்பு. அதற்காகக் கண்ணில் படுகிற ஒவ்வொன்றையும் யாராலும் சோதித்துக்கொண்டிருக்க முடியாது. அப்படிச் சொல்வது நடக்காத அறிவுரை.

எனக்கு நடைமுறையாகத் தோன்றுவது டீக்கடை பெஞ்சின் கணக்குதான். இது பொய்யானால் யார் தலையில் விடியும்? அவர் இந்தக் குழுவில் இருக்கிறாரா? இருந்தால், அவரே 'யாருங் சொன்னது' என்று கேட்டுக்கொள்வார். ஒரு 'ஆமா' போட்டு அனுப்பலாம். அவர் இங்கே இல்லையென்றால், வேறு மொழி பேசுகிறவர், ஊர் பேர் தெரியாதவர், தன் தரப்பைச் சொல்ல வழியில்லாதவர் என்றால், அவருக்காக அந்தக் கேள்வியை நான்தான் கேட்டாக வேண்டும். பதில் கிடைக்கும்வரை அந்தச் செய்தி என்னோடு நிற்கட்டும். தள்ளிப்போட்டால் ஆபத்து என்று தோன்றினால் குழுவில் போடுவதைவிட 100-க்குக் கூப்பிடலாம்.

நம்மில் பலருக்கும் நிஜச் சிக்கல் இதற்குப் பிறகுதான். குடும்பக் குழுவில் அனுப்பியது மாமா. கேட்டால் எதிர்த்துப் பேசியதாகிவிடும் என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நம் மௌனத்தை அவர் ஆமோதிப்பு என்று எடுத்துக்கொண்டு அடுத்த குழுவுக்கு அனுப்புகிறார். ஆனால் பெஞ்சில் அந்தக் கேள்வி எப்போதும் மரியாதையோடுதான் வந்தது. 'இது எங்கிருந்துங் மாமா வந்துச்சு? யாருங் சொன்னது?' அவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டவர்தான் இப்படிக் கேட்க முடியும். அவருக்கும் தெரியாது என்றால், சேர்ந்து தேடிப் பார்க்கலாம். தும்பாவின் சைக்கிள் மாதிரி ஏதாவது அகப்பட்டாலும் அகப்படும்.