மணலும் வண்டலும்

தஞ்சைச் சமவெளியில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கல் என்பது வெளியூரிலிருந்து வந்து சேரும் பொருள். ராஜராஜன் 1010-ஆம் ஆண்டில் பெரிய கோயிலைக் கட்டி முடித்தபோது, அதற்கு வேண்டிய கருங்கல்லைத் தொலைவிலிருந்துதான் கொண்டுவர வேண்டியிருந்தது. மண்வெட்டியின் வாயில் ஒரு கல்லும் தட்டுப்படாத அந்த வயல்களின் மண் முழுவதும் ஒரு காலத்தில் மலையாக நின்றது என்பதை நினைக்கும்போதெல்லாம், தேய்ந்துபோவதற்கு மனிதர்களாகிய நாம் ஏன் இவ்வளவு அஞ்சுகிறோம் என்ற கேள்வி என்னைப் பற்றிக்கொள்கிறது.

குடகின் பிரம்மகிரியில் தோன்றி ஏறக்குறைய 800 கிலோமீட்டர் ஓடி வரும் காவிரி, அந்த மலைகளைத் தானே உடைத்துக்கொண்டு வருவதில்லை. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைத் தன்னுள் கரைத்துக்கொண்ட மழைநீர், மிக மெல்லிய அமிலமாகிப் பாறையின் வெடிப்புகளில் இறங்க, அங்கே யுகயுகமாக ஒட்டி வாழ்ந்த இரண்டு கனிமங்கள் பிரிகின்றன: பெல்ஸ்பார் அந்த அமிலத்துக்கு இணங்கி, தன்னிடமுள்ள பொட்டாசியத்தையும் சோடியத்தையும் நீருக்குக் கொடுத்துவிட்டுக் களிமண்ணாகிறது; குவார்ட்ஸோ எதற்கும் இணங்காமல், துணை பிரிந்த பின்னும் தன் ஸ்வபாவம் மாறாமல், மணலாக ஆற்றோடு உருண்டு வருகிறது.

சித்திரையில் திருவையாற்றுக்குப் போய், வற்றிக் கிடக்கும் ஆற்றிலிருந்து ஒரு பிடி மணலை உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள். கண்ணாடித் துணுக்குகளைப் போன்ற குவார்ட்ஸ் பரல்கள், இடையிடையே அப்பிரகத்தின் மினுக்கு, அங்கங்கே கறுப்புப் பொடி. இணங்கியது வண்டலாகி நெல்லை வளர்த்தது, இணங்காதது வெறும் மணலாய்க் கிடக்கிறது என்று உபதேசம் செய்வது எளிது. ஆனால் அதே மணலைக் கையால் தோண்டி, முழங்கை ஆழத்தில் தெளிந்த நீர் ஊறி வருவதைக் கண்டவர் அப்படிச் சொல்லத் துணியமாட்டார்; பிடிவாதமான அந்தப் பரல்களின் இடுக்குகளிலேதான் ஊராரின் கோடைக் குடிநீர் தங்கியிருக்கிறது.

என் தாயார் எல்லோருக்கும் இணங்கி இணங்கியே கரைந்தவர்; தகப்பனார் முதுமையிலும் தம் கொள்கையில் இம்மியும் அசையாதவர். ஒருவரைத் தியாகி என்றும் மற்றவரைக் கல்நெஞ்சர் என்றும் உறவினர் தீர்ப்புச் சொல்வதுண்டு. எனக்கு அந்தத் தீர்ப்பில் சம்மதமில்லை. அம்மாவின் கையால் உண்டு வளர்ந்த நாங்கள், கஷ்டம் வந்த காலங்களில் அப்பாவிடந்தான் போய் நின்றோம். அவர்கள் தேய்ந்ததைவிட, தேய்ந்ததில் ஒரு பகுதி எங்களிடம் வந்து சேராமலே போனதுதான் என்னை வருத்துகிறது. அம்மாவுக்குத் தெரிந்த கைமருந்துகளில் பாதி, கேட்பாரின்றி அவரோடு போயிற்று.

காவிரிக்கும் இப்படியொரு இழப்பு உண்டு. அதன் குறுக்கே 1934-இல் எழுந்த மேட்டூர் அணை தஞ்சைக்குச் செய்த உபகாரம் மகத்தானது; ஆயினும், வெள்ளந்தோறும் வயலேறி வந்த வண்டலில் பெரும்பங்கு அன்றுமுதல் அந்த நீர்த்தேக்கத்தின் அடியிலே படிந்து கிடக்கிறது. 2017-இல் உழவர்கள் அதை அள்ளிச்செல்ல அரசு அனுமதித்தபோது நான் அடைந்த மகிழ்ச்சி பெரிது. கோடையில் ஏரி வண்டலை வண்டிகட்டி வயலுக்கு ஏற்றிய வழக்கம் நம் கிராமங்களில் நெடுங்காலமாக இருந்துவந்ததுதான். நீர் இறங்கும் ஒவ்வொரு கோடையிலும் மேட்டூரிலும் அது தவறாமல் நடக்க வேண்டும்.