விலகலும் திரும்பலும்

நம்மிடம் ஓதி ஸனது பெற்ற மாணவர் ஒருவர், சென்ற மாதம் அஸர் தொழுகைக்குப் பின் நம்மைக் காண வந்தார். ஊரார் அவரைப் பேரூராட்சித் தேர்தலில் நிற்கும்படி வற்புறுத்துகின்றனராம். “நிற்கலாமா, ஹஜ்ரத்?” என்று கேட்டார். “ஆலிமுக்கு எதற்கு அந்தச் சேறு?” என்றோம். சொன்ன வேகம் நமக்கே ஐயத்தை உண்டாக்கிற்று.

பதவியைத் துறந்தோர்க்குச் சான்றாக நாம் வழக்கமாக எடுத்தோதுவது இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வரலாறு. அன்றும் அதையே தொடங்கினோம். ஸல்ஜூக் அமைச்சர் நிஜாமுல் முல்க் 1091இல் அவர்களைப் பக்தாத் நிஜாமிய்யாவின் பேராசிரியராக அமர்த்தினார். முந்நூறு மாணவர்; அரசவையில் மதிப்பு; நாற்பது வயதும் நிறையவில்லை. 1095இல் பாடம் சொல்ல அமர்ந்தால் நா எழவில்லை. உண்டது செரிக்கவில்லை. மருத்துவர் கைவிரித்தனர். ஏறத்தாழ ஆறு மாதம் நெஞ்சோடு போராடியபின், மக்காவுக்குப் போவதாக வெளியில் சொல்லிவிட்டு ஷாமுக்குப் புறப்பட்டார்கள்.

இந்தப் பயணத்தை உலகம் எப்படிப் பார்த்தது என்பதையும் இமாமவர்களே ‘அல்முன்கித்’ நூலில் எழுதியுள்ளார்கள். தொலைவில் இருந்தோர், ஆட்சியாளருக்கு அஞ்சி ஓடினார் என்றனர். அருகில் இருந்தோரோ, போகவேண்டாமென ஆட்சியாளர் மன்றாடியதைக் கண்டவர்கள்; ஆகவே இது வானத்திலிருந்து வந்த விதி என்றனர். செயல் ஒன்றுதான். பார்த்தவர் நின்ற இடம்தான் வேறு. தம் போதனை அல்லாஹ்வுக்காக அன்று, புகழுக்காகவே நடந்தது என்பது இமாமவர்கள் தம்மைப் பற்றித் தாமே அளித்த தீர்ப்பு.

நாம் மேடைகளில் இத்தோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். வரலாறு அத்தோடு நிற்கவில்லை. இப்ராஹீம் (அலை) அவர்களின் அடக்கத்தலத்தில் நின்று, இனி அரசவை ஏறுவதில்லை, அரசர் பொருளைத் தொடுவதில்லை, வாதப்போரில் இறங்குவதில்லை என்று உறுதி பூண்டவர்கள், 1106இல் நிஷாப்பூர் நிஜாமிய்யாவுக்குப் பாடம் சொல்லத் திரும்பினார்கள். அழைத்தவர் அதே நிஜாமுல் முல்க்கின் மகன், அமைச்சர் ஃபக்ருல் முல்க். திரும்புமுன் தம்மிடமே கேட்டுக்கொண்ட கேள்விதான் கடுமையானது. சோம்பலும், சுகமும், தன்மானமும், மனிதர் தரும் தொல்லைக்கு அஞ்சுவதுமே தனிமையை விடாதிருக்கக் காரணமாகிவிடக் கூடாதன்றோ? அப்படியானால் பதவியில் மட்டுமன்று, துறவிலும் நஃப்ஸ் குடியிருக்கிறது.

அவ்விடத்தில் நம் நா எழவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், விதவை ஒருவரின் சொத்துப் பங்கைப் பற்றிய பஞ்சாயத்தில் வந்து அமரும்படி நம்மை அழைத்தனர். பிள்ளைகளிருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறவர் நாம். “கிதாபுக்காரனுக்கு ஊர் வழக்கு எதற்கு?” என்று ஒதுங்கிக்கொண்டோம். அதைப் பேணுதல் என்றே எண்ணியிருந்தோம். அப்பெண்மணிக்கு அந்த எட்டில் ஒன்றும் கிடைக்கவில்லை.

மாணவரோ நமக்கே துணைவந்தார். அரசியலுக்கு ஆலிம்களே மிகவும் தொலைவானவர்கள் என்று இப்னு கல்தூன் தனித் தலைப்பிட்டு எழுதியிருக்கிறாரே என்றார். உண்மைதான், பொதுவிதிகளில் பழகிய அறிவு, எதிரே நிற்கும் ஒற்றை நிகழ்வில் தடுமாறும் என்பது அவர் வாதம். ஆனால் 1377இல் முகத்திமாவை ஒதுக்கமான ஒரு கோட்டையில் இருந்து எழுதிய அவரே, 1384இல் கெய்ரோவில் காழி பதவியை ஏற்றார் என்றோம்.

“நீர் யாருக்காக நிற்கிறீர்?” என்று பின்னர் கேட்டோம். அவர் சற்று யோசித்தார். மழைக்காலத்தில் மையவாடிப் பாதையில் முழங்காலளவு நீர் நிற்கிறதென்றும், சந்தூக்கைத் தோளில் சுமந்து அதில் நடக்கவேண்டியிருக்கிறதென்றும், மூன்று மனுக்கள் கொடுத்தும் வடிகால் வரவில்லையென்றும் சொன்னார். கொஞ்சம் பெயரும் வேண்டும்தான், ஹஜ்ரத், என்று தலைகுனிந்து சேர்த்துக்கொண்டார்.

நாம் முதலில் சொன்ன சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். வாசல்வரை போனவர் நின்று, சுவரொட்டியில் பெயருக்கு முன் ‘மௌலவி’ என்று போட்டுக்கொள்ளலாமா என்றார். அவரை மீண்டும் உள்ளே அழைத்து அமரச் சொன்னோம். அதைப் பேசி முடிக்க இஷாவாகிவிட்டது.