விதியா, வண்டியா?

ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் ஆனைமலைச் சாலையிலே 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒருபுறம் பாறை, மறுபுறம் பாதாளம்! அந்த வழியிலே அன்றாடம் பேருந்தை ஏற்றி இறக்கும் ஓட்டுநரின் கைத்திறன் கண்டு வியக்காதார் யார்? வியந்தபின் பெருமூச்சுடன் ஒரு சொல்லையும் உதிர்ப்பர்: "திறமை இருந்தென்ன, கொடுத்து வைக்கவில்லையே!"

கொடுத்து வைக்கவில்லை! யார் கொடுக்கவில்லை? எதைக் கொடுக்கவில்லை? கேட்டால், விரல் வானை நோக்கி உயர்கிறது. அந்த விரலைச் சற்றே இறக்கி, மண்ணைச் சுட்டிக் காட்டுங்கள் என்கிறோம் நாம்.

கோவையில் வளர்ந்த நரேன் கார்த்திகேயனை எண்ணிப் பாருங்கள். பிறந்தது 1977. பத்தொன்பது வயதிலே, 1996-இல், பார்முலா ஆசியா பட்டத்தை வென்றார். அடுத்து இங்கிலாந்தின் பந்தயத் தடங்கள். 2001-இல் பார்முலா ஒன் காரைச் சோதனை ஓட்டத்தில் செலுத்திய முதல் இந்தியரானார். ஆயினும் அந்தப் பந்தயத்திலே இடம் கிடைத்தது 2005-இல்தான். வயது 28 ஆகிவிட்டது. கிடைத்த காரோ, கைமாறிக் கொண்டிருந்த ஜோர்டான் குழுவினுடையது. அந்த ஆண்டு முழுவதிலும் அவர் பெற்றவை 5 புள்ளிகள். அதன்பின் 2011, 2012-இல் ஓட்டியதோ, தான் இருந்த மூன்றாண்டில் ஒரு புள்ளியும் பெறாமல் மறைந்த எச்.ஆர்.டி. குழுவின் கார்!

அந்த 5 புள்ளிகளைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். 2005 ஜூனில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் களத்திலே, டயர் ஆபத்துக் காரணமாக 14 கார்கள் விலகிக் கொண்டன. ஓடியவை ஆறு; அவற்றுள் நான்காவதாக வந்தார் நரேன். நம்மவர் என்பதற்காக அதை நாம் ஊதிப் பெருக்க வேண்டியதில்லை. ஆறில் நான்குதானே என்று எள்ளி நகையாடவும் வேண்டியதில்லை. பகுத்தறிவுக்கு வேண்டியது அளவுகோல். ஆலவட்டமும் அல்ல, அவதூறும் அல்ல.

அளவுகோல் எங்கே? இதோ! ஏ1 கிராண்ட் பிரி என்றொரு பந்தயத் தொடர் இருந்தது. எல்லா நாட்டாருக்கும் ஒரே வகைக் கார். அங்கே, 2007-இல் சீனாவின் சூஹாயிலும், 2008-இல் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹேட்சிலும் நரேன் வென்றார். 2019-இல், 42 வயதிலே, ஜப்பானின் பியூஜி களத்திலும் வென்றார். நிகரான கார் கிடைத்தபோது வெல்ல முடிந்த கைகள், நிகரில்லாத கார் கிடைத்தபோது கடைசி வரிசையிலே நின்றன. இடையிலே மாறியது ஜாதகமா, எந்திரமா?

"நன்று! விதி என்ற பழைய பூசாரியை விரட்டிவிட்டு, வண்டி என்ற புதிய பூசாரியை உட்கார வைக்கிறீர்களோ? தோற்றவன் எல்லாம் வண்டியைப் பழித்துத் தப்பித்துக் கொள்ள மாட்டானா?" என்று நண்பர் கேட்கக்கூடும். கேட்கத்தான் வேண்டும். விடை இதுதான்: விதியைத் திறந்து பார்க்க வழியில்லை, வண்டியைத் திறந்து பார்க்கலாம். விதியைச் செய்தவன் யாரெனக் காட்ட முடியாது. வண்டியைச் செய்தவன் மனிதன். செய்தவனால் திருத்தவும் முடியும். ஆகவே, விதி என்போன் கைகட்டி நிற்கிறான். வண்டி என்போன் கைகளுக்கு வேலை தருகிறான். தன் முயற்சியில் குறை வைத்தவனுக்கோ இந்த வாதம் அடைக்கலம் தராது. அவன் குறையையும் இதே அளவுகோல் காட்டிவிடும்.

திருத்திக் காட்டியவரும் நம் கோவைக்காரரே. பந்தயம் பணம் படைத்தோர் ஆட்டம் என்றிருந்த காலத்திலே, எளிய மாருதி எந்திரத்தைக் கொண்டு, குறைந்த செலவிலே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார் கரிவரதன். இளைஞர் பலர் களம் காண அவை வழி திறந்தன. நரேனின் தொடக்கமும் அத்தகைய பார்முலா மாருதியிலே. 1995-இல் விமான விபத்திலே கரிவரதன் மறைந்தார். செட்டிபாளையத்திலே பந்தயக் களம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 

இன்னொன்றும் எண்ணுவோம். நரேனின் தந்தையே ராலிப் பந்தய வீரர். வீட்டிலே வசதியும் வழிகாட்டலும் இருந்தன. அவருக்கே முழு வாய்ப்புக் கிட்டவில்லையெனில், பொள்ளாச்சிப் பட்டறையிலே, கிரீஸ் படிந்த கையோடு, எந்திரத்தின் ஓசை கேட்டே நோயறியும் சிறுவனின் கதி என்ன? அவன் திறமையை அளந்தவர் யார்? அளக்காமலே "கொடுத்து வைக்காதவன்" என்று தீர்ப்பெழுதியவர் யார்? நாம்தான்! 

கொடுக்காதது வானம் அன்று, நாம். கொடுக்கத் தவறிய கடனுக்கு நாமே விதி என்று பெயர் சூட்டி, கணக்கை மூடிவிட்டோம். அந்தக் கணக்கை மீண்டும் திறப்போம், தோழர்களே! பட்டறைச் சிறுவனின் கையிலே ஒரு நல்ல வண்டியைக் கொடுத்துவிட்டு, பிறகு பேசுவோம் அவன் தலையெழுத்தைப் பற்றி.