தண்டம் கடமையைத் தீர்க்குமா?

நம் நாட்டில் மாத ஊதியம் பெறுவோர் வருமானவரிக் கணக்கைத் தாக்கல் செய்யப் பொதுவாக ஜூலை 31 இறுதி நாள். அது கடந்தால் 5,000 ரூபாய் தாமதக் கட்டணம். மொத்த வருமானம் 5 இலட்சத்தைத் தாண்டாவிடின் 1,000 ரூபாய். வரி பாக்கியிருப்பின் மாதம் 1 விழுக்காடு வட்டியும் சேரும். “தண்டம் கட்டினால் தீர்ந்தது” என்று வசதி படைத்தோர் கூறக் கேட்கிறோம். உண்மையில் தீர்ந்துவிடுகிறதா?

இவ்வெண்ணத்திற்குப் பழைய வேர் ஒன்று உண்டு. தம் சபை ஒழுங்குகளை மீறுவது பாவமன்று, தண்டனைக்கே உரியது என 13-ஆம் நூற்றாண்டில் தொமினிக்கன் துறவியர் வகுத்தனர். மனச்சான்றை வீண் அச்சத்தினின்று காக்க எழுந்த அவ்விதியைப் பின்வந்த இறையியலார் சிலர் நாட்டின் வரிச் சட்டங்களுக்கும் விரித்தனர்.

திருச்சபை அவ்வழியில் நிற்கவில்லை. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் நேரிய வரியை ஏய்ப்போரைக் கடிந்துகொண்டது. 1992-இல் வெளிவந்த மறைக்கல்வி நூல் வரி செலுத்துவதை அறநெறிக் கடமை என்றே உரைக்கிறது.

காலம் தாழ்த்துவோர் அனைவரும் ஏய்ப்போர் அல்லர். நோயாலும் இடராலும் தவறியோரை நாம் குற்றஞ்சாட்டோம். ஆயின் தண்டத்தைத் தாமதத்தின் விலையென எண்ணுவோர், தம்மையறியாமலே ஏழையினின்று தம்மைப் பிரித்துக்கொள்கின்றனர். 1,000 ரூபாய் சிறு ஊதியத்தாருக்குப் பல நாள் உணவு. 5,000 ரூபாய் செல்வருக்கு ஒரு மாலை விருந்து. ஏழையை அஞ்சவைக்கும் சட்டம் செல்வருக்கு வெறும் கட்டணச் சீட்டாகிவிடுகிறது.

உரிய நாளில் கணக்கை ஒப்புவிக்கையில், அயலாரைக் கட்டும் சட்டம் நம்மையும் கட்டும் என்று ஏற்கிறோம். பொதுநலன் அங்கேதான் தொடங்குகிறது.