விக்கவா, வச்சுக்கவா?

பழைய வண்டியைப் பெயிண்ட் அடிக்கக் கொண்டுபோனால், என்ன கலர் என்று கேட்பதற்கு முன்னால் பட்டறையில் ஒரு கேள்வி கேட்பார்கள். "விக்கவா, வச்சுக்கவா?" மதுரையில் நான் ஏறி இறங்கிய மூன்று பட்டறைகளிலும் இதே கேள்விதான். மூன்று பேரும் சாதாரணமாகத்தான் கேட்டார்கள், டீயில் சர்க்கரை போடவா என்பதுபோல.

வச்சுக்க என்றால் வேலை இப்படிப் போகும்: டேங்க், சைடு பேனல், மட்கார்டு எல்லாவற்றையும் கழற்றுவார்கள். ரிமூவர் போட்டுத் தகரம் தெரியும்வரை பழைய பெயிண்டை உரிப்பார்கள். துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, காயவிட்டு, வாட்டர் பேப்பரால் தேய்த்து, மறுபடியும் அடித்து, அதற்குப் பிறகுதான் கலர். அதன்மேல் கிளியர் கோட். மூன்று வாரம் ஆகும். எனக்குச் சொன்ன கூலி 11,000 ரூபாய்.

விக்க என்றால் பழைய பெயிண்டின் மேலேயே ஒரு தேய்ப்பு. நெளிந்த இடத்திலும் துரு அரித்த இடத்திலும் பட்டி. அதன்மேல் கலர். மூன்று நாள், 4,500.

டெலிவரி எடுக்கிற அன்றைக்கு இரண்டு வண்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் என்னைப் போன்றவர்களால் வித்தியாசம் சொல்ல முடியாது. ஒரு மழைக்காலம் போக வேண்டும். அப்போது ஒன்றில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். அதற்குள் அந்த வண்டி இன்னொருவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருக்கும்.

எங்கள் வண்டி யமஹா ஆர்எக்ஸ் 100. 98 சிசி, டூ ஸ்ட்ரோக். 1985 முதல் 1996 வரை இந்தியாவில் தயாரானது. உற்பத்தி நின்று கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியும், அந்த வண்டி பிறந்த பிறகு பிறந்தவர்களெல்லாம் அதைத் தேடி அலைகிறார்கள். அப்பா 1993இல் வாங்கியது, செர்ரி சிவப்பு. செல்ஃப் ஸ்டார்ட் கிடையாது, உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். அப்பாவின் வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. ஆபரேஷனுக்குப் பணம் சேர்க்க வேண்டியிருந்தது, வண்டிக்கு நல்ல விலையும் இருந்தது. அதனால் பட்டறையில் என் பதில் "விக்கத்தாண்ணே."

இரண்டாவது நாள் பெயிண்டர் போன் பண்ணிக் கூப்பிட்டார். ஹேண்டில் பார் சேஸிஸோடு சேரும் நெக் பக்கத்தில் தேய்த்தபோது பெயிண்டுக்கு அடியில் ஒரு வெல்டிங் தழும்பு தெரிந்திருக்கிறது. மேலூர் ரோட்டில் அப்பா ஒரு டிராக்டர் டிரெய்லரின் பின்னால் போய் மோதியபோது சேஸிஸ் விரிந்து, பிறகு பற்றவைத்தது. எனக்கு அந்த விபத்து ஞாபகம் இருந்தது, தழும்பை அன்றைக்குத்தான் பார்த்தேன். விரல் நீளம் இருக்கும். "கிரைண்டிங் போட்டு மேல பட்டி பாத்துட்டா ஒருத்தனுக்கும் தெரியாது தம்பி. செஞ்சிரவா?" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. மறைக்க நினைத்திருந்தால் என்னைக் கூப்பிட்டிருக்கவே மாட்டார். முடிவை என்னிடம் தள்ளிவிட்டார், அவ்வளவுதான். நான் அப்பாவிடம் கேட்டேன்.

"கேட்டா சொல்லுவோம்டா. கேக்காதவன்கிட்ட நாமளா போய் ஏன் சொல்லணும்?"

இந்த வாதத்துக்கு வயது இரண்டாயிரத்துக்கு மேல். கி.மு. 44இல் ரோமானியரான சிசரோ, ஏதென்ஸில் படித்துக்கொண்டிருந்த தன் மகனுக்காகக் கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் மூன்றாம் பகுதியில் ஒருவர் வீடு விற்கிறார். மரமெல்லாம் உளுத்துப்போன வீடு, படுக்கையறைகளில் பாம்பு வரும். விற்பவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அவர் சொல்லியாக வேண்டுமா? பாபிலோனைச் சேர்ந்த டயோஜெனஸும் அவருடைய மாணவர் ஆன்டிபேட்டரும் இதில் எதிரெதிர்ப் பக்கம் நிற்கிறார்கள். (பீப்பாய்க்குள் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் டயோஜெனஸ் வேறு ஆள்.) ஆசிரியர் சொல்வது கிட்டத்தட்ட என் அப்பா சொன்னதுதான்: வாங்கு என்று யாரும் வற்புறுத்தவில்லை, சொல்லாமல் இருப்பதும் மறைப்பதும் ஒன்றல்ல. மாணவர் ஒத்துக்கொள்ளவில்லை. வழி தெரியாமல் நிற்பவனுக்கு வழி காட்டாமல் போவதே தவறு. இது அதைவிட மோசம், தெரிந்தே ஒருவனைத் தப்பான வழியில் அனுப்புவது என்கிறார். சிசரோ மாணவர் பக்கம் சாய்கிறார்.

நம் ஊர்ச் சட்டம் இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கிறது. 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆவது பிரிவைப் படித்தால், வெறும் மௌனம் மோசடி ஆகாது. தெரிந்த ஒன்றை முனைந்து மறைப்பது மோசடி. அங்கே உதாரணமாக வருவது ஒரு நோய்ப்பட்ட குதிரை. ஏலத்தில் விற்பவர் குதிரையின் குறையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை என்றால் அது மோசடி இல்லை. ஆனால் வாங்குவது அவருடைய மகள், இப்போதுதான் மேஜர் ஆகியிருக்கிறாள் என்றால், சொல்வது அவர் கடமை.

இதைப் படித்தபோது எனக்கு அந்தப் பட்டிதான் ஞாபகம் வந்தது. தழும்பை அப்படியே விட்டுவிட்டு அப்பா பேசாமல் இருந்தால் அது மௌனம். குனிந்து பார்க்கிறவர் பார்த்துக்கொள்ளலாம். கிரைண்டிங் போட்டுப் பட்டி பூசினால் அது மௌனம் இல்லை. பார்க்கிறவருடைய கண்ணையும் விரலையும் நாமே மூடிவிடுகிறோம். அதற்குப் பிறகு "கேட்டா சொல்லுவோம்" என்பதற்கே அர்த்தம் கிடையாது. ஒன்றும் தெரியாத இடத்தைப் பற்றி அவர் என்னவென்று கேட்பார்?

அப்படியானால் விற்பதற்காக வண்டிக்குப் பெயிண்ட் அடிப்பதே பொய்யா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1993 மாடல் வண்டி பளபளவென்று நின்றால் அது கம்பெனி பெயிண்ட் என்று யாரும் ஏமாறப்போவதில்லை. அதோடு பெயிண்டுக்கு அழகு இரண்டாவது வேலைதான். இரும்புக்கும் ஈரத்துக்கும் நடுவில் நிற்பது அதன் முதல் வேலை. வெல்டிங் தழும்பைப் பெயிண்ட் இல்லாமல் திறந்து விட்டால் துரு முதலில் அங்கேதான் பிடிக்கும். உண்மையைக் காட்டுகிறேன் என்று அதை வெறும் இரும்பாக விடுவது வாங்குபவருக்குச் செய்கிற இன்னொரு கெடுதல். ஆகவே பிரைமர் வேண்டும், கலர் வேண்டும். பட்டிகூட எல்லா இடத்திலும் தப்பில்லை. மட்கார்டில் ஒரு நெளிசலை நிரப்பினால் யாருக்கும் எலும்பு உடையாது. நெக் அப்படி இல்லை. முன்சக்கரம் பள்ளத்தில் விழும்போதெல்லாம் அடி அங்கேதான் போய்ச் சேரும். வண்டியை வாங்குவதா வேண்டாமா என்று ஒருவர் முடிவெடுக்க வேண்டிய இடத்தில் போடுகிற பட்டி வேறு கணக்கு.

அப்பாவிடம் இதைவிட வலுவான ஒரு வாதம் இருந்தது. "பன்னெண்டு வருஷம் உன்னையும் உங்கம்மாவையும் ஏத்திக்கிட்டுப் போயிருக்கேன். ஒடஞ்சுச்சா? வெல்டிங்னு ஒரு வார்த்தை சொன்னா அவன் ஒடஞ்ச வண்டின்னுதான் எடுத்துக்குவான். அதுவும் பொய்தானே?"

இதை நான் சுலபமாகத் தள்ளிவிட முடியவில்லை. உண்மையைச் சொல்லித் தவறான எண்ணத்தை உண்டாக்க முடியும். பொருளியலாளர் ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970இல் பழைய கார் சந்தையை வைத்து எழுதிய கட்டுரையும் (2001இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசின் பின்னணியில் இருப்பது) அப்பாவின் ஆதங்கத்துக்குப் பக்கத்தில்தான் வருகிறது. எந்த வண்டி நல்லது என்று வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் எல்லா வண்டிக்கும் சராசரி விலைதான் கொடுப்பார். நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனமில்லாமல் ஒதுங்குவார். போகப்போகச் சந்தையில் மோசமான வண்டிகளே மிஞ்சும். எல்லோரும் பட்டி பூசுகிற சந்தையில் குறையை ஒத்துக்கொள்கிற ஒருவர் மட்டும் பணத்தை இழக்கிறார். முழங்கால் ஆபரேஷனுக்குப் பணம் வேண்டியவரிடம் போய் நீங்கள் முதலில் இழங்கள் என்று சொல்வது லேசான காரியம் இல்லை.

ஆனாலும் அப்பாவின் வாதத்தில் ஒரு இடம் உதைத்தது. அந்தத் தழும்பால் ஆபத்து இல்லை என்று முடிவுசெய்தது யார்? அவர்தான். அந்த முடிவால் லாபம் யாருக்கு? அவருக்குத்தான். அவருடைய பன்னிரண்டு வருடம் நல்ல சாட்சியம், சந்தேகமே இல்லை. ஆனால் நாற்பதைத் தாண்டாமல் ஓட்டிய ஒருவருடைய சாட்சியம் அது. ஆர்எக்ஸ் தேடி வருகிற இருபத்திரண்டு வயதுப் பையன் நாற்பதில் ஓட்டுவதற்காக அதை வாங்கப்போவதில்லை. ஒரு குறை அற்பமா இல்லையா என்பதை, அது அற்பமாக இருந்தால் லாபமடைகிறவர் தனியாக உட்கார்ந்து முடிவுசெய்யக் கூடாது. தழும்பையும் சொல்லுங்கள், பன்னிரண்டு வருடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள், எடை போடுவது அவன் வேலை என்றேன். அப்பா பதில் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, "பட்டி வேண்டாம்னு சொல்லிரு" என்றார்.

தழும்பின் மேல் பிரைமரும் செர்ரி சிவப்பும் மட்டும் அடித்தார்கள். கலரை மாற்றவில்லை. ஆர்.சி. புத்தகத்தில் கலருக்கு ஒரு இடம் உண்டு, மாற்றினால் ஆர்டிஓ அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். வெல்டிங்குக்கு அதில் இடம் கிடையாது. முதலில் வந்த இரண்டு பேர் தழும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள், திரும்பி வரவில்லை. மூன்றாவதாக வந்தவர் கூடவே ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்து, அரைமணி நேரம் பார்த்து, 9,000 குறைத்துக் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த 9,000 எங்களுக்குச் சின்னத் தொகை இல்லை. ஆபரேஷன் இரண்டு மாதம் தள்ளிப்போனது. நேர்மைக்கு வேறு வழியில் பலன் வந்து சேர்ந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை.

இப்போதும் என் யோசனை அந்தப் பட்டறைக் கேள்வியில்தான் போய் நிற்கிறது. குதிரை உதாரணத்தில் மகள் என்று தெரிந்ததும் கடமை வந்துவிடுகிறது. முகம் தெரிந்தவரிடம் நேர்மையாக இருக்க நமக்குப் பெரிதாகத் தத்துவம் தேவைப்படுவதில்லை. பெயிண்டர் "விக்கவா" என்று கேட்கும்போது வாங்கப்போகிறவர் அங்கே இல்லை. ஊர், பேர், வயது எதுவும் தெரியாது. அவருக்குப் பிறந்த குழந்தை பெட்ரோல் டேங்க்கின் மேல் உட்கார்ந்து போகுமா என்பதும் தெரியாது. அவரிடம் என்ன சொல்வோம் என்பதைவிட, அவர் வருவதற்கு முன்பே அவர் பார்க்கக்கூடிய இடத்தை என்ன செய்கிறோம் என்பதில்தான் பாதி விஷயம் முடிந்துவிடுகிறது. வாடகைக்கு விடுவதற்கு முந்தின வாரம் ஓதம் ஏறிய சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவருக்கும் இதேதான்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டாமல் நழுவும். அதோடு விற்பவரிடம், "நீங்க ஒண்ணும் சொல்லலேன்னா குறை எதுவும் இல்லைன்னு எடுத்துக்குறேன்" என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். அதே 17ஆவது பிரிவின் அடுத்த உதாரணத்தில், குதிரை வாங்க வந்தவர் இப்படித்தான் சொல்கிறார். அதற்குப் பிறகு விற்பவர் பேசாமல் இருந்தால், அந்த மௌனம் பேச்சாகவே கணக்கு.